நிலையைப் பிடித்திருப்பது யார்?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



அரங்குக்குள் நுழையும்போதே எல்லாரும் கைப்பேசியை சைலன்ட்டில் போட்டிருப்பீர்கள். 2012 ஜனவரி 10 அன்று நியூயார்க்கின் ஏவரி ஃபிஷர் அரங்கில் உட்கார்ந்திருந்த ஒரு ரசிகரும் அதைத்தான் செய்திருந்தார். நியூயார்க் பில்ஹார்மானிக் குழு மாலரின் ஒன்பதாம் சிம்பொனியை வாசித்துக்கொண்டிருந்தது. கடைசிப் பகுதி. இசை தேய்ந்து தேய்ந்து அடங்க வேண்டிய இடம். அங்கே ஒரு ஐபோனின் மரிம்பா ஒலி கிளம்பியது, நிற்கவே இல்லை. நடத்துநர் ஆலன் கில்பர்ட் வாசிப்பையே நிறுத்தினார். அந்த ரசிகரின் கவனக்குறைவு என்று அன்று ஊரே திட்டியது. ஆனால் அவர் போனை முறையாகத்தான் ஒலியடக்கி வைத்திருந்தார். அலுவலகம் அதை முந்தைய நாள்தான் அவருக்குக் கொடுத்திருந்தது. ஒலித்தது அழைப்பு மணி அல்ல, அலாரம். சைலன்ட் நிலை அலாரத்தைக் கட்டுப்படுத்தாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒரே விசை, ஒரே அசைவு. ஆனால் கருவி அப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து விளைவு வேறு. கணினித் துறையில் இதை மோட் என்பார்கள். இந்த உரையில் ‘நிலை’ என்ற சொல்லே போதும். மென்பொருளின் இடைமுகத்தில் இப்படித் தனித்தனி நிலைகள் இருக்கலாமா, கூடாதா என்பது ஐம்பது ஆண்டு வழக்கு. இரு தரப்பிலும் அறிவாளிகள் இருக்கிறார்கள். இரு தரப்பும் கேள்வியைச் சற்றுத் தவறாகக் கேட்டுவிட்டன என்பதே இன்றைய உரையின் வாதம். நிலைகள் உண்டா, இல்லையா என்பதைவிட, நடப்பு நிலையை நினைவில் வைத்திருக்கும் பொறுப்பு யாரிடம் விடப்பட்டிருக்கிறது என்பதே முதன்மையானது. மனிதரின் கையோ கண்ணோ அதைப் பிடித்திருந்தால் நிலை ஒரு நல்ல கருவி. எந்திரம் மட்டும் அதைத் தனக்குள் வைத்துக்கொண்டு மனிதரை ஊகிக்க விட்டால், அதில் ஆபத்து தங்கியிருக்கிறது.

1. நிலைகளே வேண்டாம் என்றவர்

முதல் தரப்பின் தலைவர் லாரி டெஸ்லர். 2020இல் காலமானார். அவருடைய காரின் நம்பர் பிளேட்டிலேயே ‘நோ மோட்ஸ்’ என்றுதான் இருந்தது. 1973இல் அவர் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் உள்ள ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் சேர்ந்தார். அதே ஆண்டில் அங்கே ஆல்ட்டோ என்ற கணினி உருவாகியிருந்தது. அடுத்த ஆண்டு பட்லர் லாம்ப்சனும் சார்லஸ் சிமோனியும் அதற்காக பிராவோ என்ற எழுத்துத் தொகுப்பியைச் செய்தார்கள். அச்சில் வரப்போவதைத் திரையிலேயே காட்டிய முன்னோடி மென்பொருள் அது; அந்த வகையில் பெரிய சாதனை.

ஆனால் பிராவோவில் விசைப்பலகைக்கு இரண்டு வாழ்க்கை. கட்டளை நிலையில் ஒவ்வொரு எழுத்தும் ஓர் ஆணை. செருகு நிலையில் எழுத்து எழுத்தாகவே விழும். கட்டளை நிலையில் இருப்பதை மறந்து ஒருவர் ‘எடிட்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் என்ன ஆகும் என்பது அந்த மையத்தில் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த கதை. முதல் எழுத்து, ஆவணம் முழுவதையும் தேர்ந்தெடு என்ற ஆணை. இரண்டாவது, அழி. மூன்றாவது, செருகு. நான்காவது எழுத்து ஆணையாகாமல் உரையாக விழும். நான்கு தட்டலில் ஒரு முழு ஆவணம் போய், அதன் இடத்தில் ஒற்றை எழுத்து நிற்கும். அவர் எந்த விசையையும் தவறாகத் தட்டவில்லை. நினைத்த சொல்லைப் பிழையின்றி அடித்தார். எந்திரம் வேறு நிலையில் இருந்தது, அவ்வளவுதான்.

ஜெராக்ஸுக்குச் சொந்தமாக அப்போது ஜின் என்ற பாடநூல் பதிப்பகம் ஒன்று பாஸ்டனை ஒட்டி இருந்தது. அங்கே கணினி நிரலாளர்கள் இல்லை. கத்தரிக்கோலும் பசையும் வைத்து மூலப்படியை வெட்டி ஒட்டிப் பழகிய பதிப்பாசிரியர்கள்தான் இருந்தார்கள். டெஸ்லரும் டிம் மாட்டும் அவர்களுக்காக ஜிப்சி என்ற தொகுப்பியை எழுதினார்கள். அதில் எழுத்து விசையைத் தட்டினால் எழுத்து விழும், எப்போதும் அப்படித்தான். எங்கே விழ வேண்டும் என்பதை மவுஸால் சுட்டினால் போதும். எதையாவது மாற்ற வேண்டுமா? முதலில் அதைத் தேர்ந்தெடு, பிறகு என்ன செய்வதென்று சொல்.

இந்த வரிசை மாற்றத்தில்தான் டெஸ்லரின் நுட்பம் இருக்கிறது. ‘நகர்த்து’ என்ற ஆணையை முதலில் கொடுத்தால், எதை, எங்கே என்று சொல்லி முடிக்கும்வரை எந்திரம் ஒரு தனி நிலையில் காத்திருக்க வேண்டும். நடுவில் மனம் மாறினால் அந்த நிலையிலிருந்து தப்பிக்க இன்னொரு வழி தேட வேண்டும். அந்த ஒரே ஆணையை ‘வெட்டு’, ‘ஒட்டு’ என்று இரண்டு தனிச் செயல்களாகப் பிரித்தார். வெட்டிய பிறகு ஒட்டும்வரை எந்திரம் எதற்காகவும் காத்திருப்பதில்லை. இடையில் ஒரு பத்தியே எழுதலாம். இன்று உலகம் முழுவதும் பயன்படுத்தும் கட், காப்பி, பேஸ்ட் இப்படித்தான் வடிவம் பெற்றது. டெஸ்லர் 1980இல் ஆப்பிளுக்குப் போனபோது இந்தக் கொள்கையும் கூடவே போய் லிசா, மெக்கின்டாஷ் கணினிகளில் குடியேறியது.

அவர் செய்ததை எவ்வளவு போற்றினாலும் தகும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெட்டிய துண்டு எங்கே இருக்கிறது? கண்ணுக்குத் தெரியாத ஒரு பலகையில். ஒட்டும் விசை எதை ஒட்டும் என்பது அந்தப் பலகையில் கடைசியாக என்ன விழுந்தது என்பதைப் பொறுத்தது. நிலைகளை ஒழித்தவரின் மிகப் புகழ்பெற்ற கண்டுபிடிப்பிலும் மறைந்திருக்கும் ஒரு நிலை எஞ்சிவிட்டது. விண்டோஸ் அந்தப் பலகையின் வரலாற்றைத் திறந்து காட்டத் தொடங்கியது 2018இல்தான்.

2. நிலைகளை நேசிப்பவர்கள்

எதிர்த்தரப்பு பிறந்த இடம் வெகு தொலைவில் இல்லை. பாலோ ஆல்ட்டோ இருக்கும் அதே சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் பெர்க்லி. 1976இல் அங்கே பட்ட மேற்படிப்பு மாணவராக இருந்த பில் ஜாய், வி-ஐ என்ற தொகுப்பியை எழுதினார். அவர் பயன்படுத்தியது 300 பாட் வேகமுள்ள மோடம். நொடிக்கு ஏறத்தாழ 30 எழுத்து. ஒரு வரிக்கு 80 எழுத்தாக 24 வரி கொண்ட திரையை முழுதாக நிரப்ப ஒரு நிமிடத்துக்கும் மேலாகும். அவ்வளவு மெல்லிய கம்பியில் ஒவ்வொரு தட்டலும் காசு. ஓரிரு தட்டலில் ஒரு சொல்லை அழிக்கவும், அடுத்த பத்திக்குத் தாவவும் முடிய வேண்டுமென்றால், எழுத்து விசைகளுக்கு இரண்டாவது வேலை கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அவர் முன்னால் இருந்த ஏடிஎம்-3ஏ முனையத்தில் அம்புக்குறிகளே நான்கு எழுத்து விசைகளின் மேல்தான் பொறிக்கப்பட்டிருந்தன. நிலையை விட்டு வெளியேற உதவும் எஸ்கேப் விசை, இன்று டேப் இருக்கும் இடத்தில், இடது சுண்டுவிரலுக்கு அருகிலேயே இருந்தது.

கம்பி தடித்துவிட்டது, முனையம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. வி-ஐ போகவில்லை. 1991இல் பிராம் மூலனார் அதை விம் என்ற பெயரில் விரித்தெழுதினார். 2023இல் இறக்கும்வரை அதைப் பராமரித்தார். இன்றும் ஏராளமான நிரலாளர்கள் அதை விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள். அதே மென்பொருளிலிருந்து வெளியே வருவது எப்படி என்று நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒருவர் கேட்ட கேள்வி, 2017க்குள் பத்து லட்சம் முறை பார்க்கப்பட்டிருந்தது. இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்து விளக்கும் கொள்கைதான் நமக்குத் தேவை.

தேர்ந்த விம் பயனரை அருகிலிருந்து பார்த்தால் விளக்கம் கிடைக்கும். அவருக்கு வீடு கட்டளை நிலை. எழுத வேண்டியதை எழுதி முடித்த அடுத்த கணமே விரல் தானாக எஸ்கேப்புக்குப் போய்விடும். சிந்திக்க நிற்கும்போதும், தேநீருக்கு எழும்போதும் எந்திரம் எந்த நிலையில் இருக்கிறது என்ற கேள்வியே அவருக்கு எழாது. புதியவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. நிலை அவருடைய விரலில் இல்லை, எந்திரத்துக்குள் மட்டும் இருக்கிறது. ஒரே மென்பொருள் ஒருவருக்கு இசைக்கருவியாகவும் இன்னொருவருக்குப் பூட்டிய அறையாகவும் இருப்பதன் காரணம் இதுதான்.

3. காலால் பிடித்த நிலை

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. அபிகெய்ல் செல்லன், கார்டன் கர்ட்டன்பாக், வில்லியம் பக்ஸ்டன் மூவரும் 1992இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நிலைகள் கொண்ட ஒரு தொகுப்பியைச் சிலரிடம் கொடுத்தார்கள். ஓர் ஏற்பாட்டில், இப்போது எந்த நிலை என்பதைத் திரை காட்டியது. இன்னோர் ஏற்பாட்டில், காலடியில் ஒரு மிதி இருந்தது: மிதித்திருக்கும்வரை செருகு நிலை, காலை எடுத்தால் அது போய்விடும். தையல் இயந்திரத்தில் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திரைக் குறிப்பும் உதவியது; மிதி அதைவிட அதிகமாகப் பிழையைத் தடுத்தது. கண் மறந்ததைக் கால் மறக்கவில்லை.

மெக்கின்டாஷ் திட்டத்தை 1979இல் தொடங்கிய ஜெஃப் ரஸ்கின், பின்னாளில் தன் நூலில் இதற்கு ஓர் இலக்கணமே வகுத்தார். ஒரே அசைவுக்கு இரு விளைவு இருப்பது மட்டும் நிலை ஆகாது. எந்த விளைவு வரும் என்பதைக் காட்டும் செய்தி, பயனரின் கவனம் குவிந்திருக்கும் இடத்தில் இல்லாமலிருக்க வேண்டும். அப்போதுதான் அது பிழைக்கு வழி. உடலால் பிடித்து வைத்திருக்கும் நிலையை அவர் தனி இனமாகப் பிரித்தார். ஷிஃப்ட் விசை அந்த இனம். கேப்ஸ் லாக் அந்த இனம் அல்ல. இரண்டும் செய்வது ஒரே வேலை. ஆனால் ஷிஃப்டைப் பிடித்திருப்பதை மறந்துவிட்டுக் கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தவர் என்று எவருமில்லை.

ஆகவே எல்லா நிலையையும் பிடித்து வைக்கும் விசைகளாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். ஆனால் உடலுக்கு ஓர் எல்லை இருக்கிறது. வி-ஐ பிறந்த அதே 1976இல் பிறந்த ஈமாக்ஸ் என்ற தொகுப்பி, கட்டளை நிலை என்ற ஒன்றை வைக்காமல் கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடிக்கச் சொல்லியது. அதைப் பல ஆண்டு பயன்படுத்தியவர்களின் சுண்டுவிரல் வலிக்கு அந்த மென்பொருளின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

4. ஒரு தமிழ் விசைப்பலகையின் பாடம்

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இந்த வழக்கு அயலார் வழக்கு அல்ல. தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே பலகையில் மாறி மாறி அடிக்கும் எல்லாரும் ஒரு நாளில் பலமுறை நிலை மாற்றுகிறார்கள். ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரியை அடித்துவிட்டு நிமிர்ந்தால், பொருளற்ற தமிழ் எழுத்துகளின் கூட்டம் நிற்கும். எந்த மொழி என்பதைக் காட்டும் சிறு குறி திரையின் ஓரத்தில் இருக்கிறது. எழுதுபவரின் கண் எழுதும் வரியில் இருக்கிறது. ரஸ்கினின் இலக்கணம் அப்படியே பொருந்தும். கடவுச்சொல் பெட்டியில் நிலைமை இன்னும் மோசம். அங்கே விழுவதெல்லாம் புள்ளிகள். தமிழா ஆங்கிலமா என்று கண்டறியும் கடைசி வாய்ப்பும் அங்கே பறிபோகிறது. கைப்பேசியின் தொடுதிரையில் இந்தக் குழப்பம் பெரிதும் குறைவு. நிலை மாறினால் விசைகளின் மேல் எழுதியிருக்கும் எழுத்தே மாறிவிடுகிறது. விரல் போகும் இடத்திலேயே பதில் இருக்கிறது.

இதைவிட அழகான சான்று தமிழ்99 விசைப்பலகையின் உள்ளே இருக்கிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு தரப்படுத்திய அமைப்பு அது. 12 உயிருக்கும் 18 மெய்வரிசைக்கும் விசைகள். அவற்றைக் கொண்டே உயிர்மெய் முழுவதையும் எழுதிவிடலாம். ‘ஆ’ விசையைச் சொல்லின் தொடக்கத்தில் தட்டினால் ‘ஆ’ விழும். ‘த’வுக்குப் பின் தட்டினால் ‘தா’ ஆகும். ‘க’வை இருமுறை தட்டினால் முதல் எழுத்தின் தலையில் புள்ளி தானே ஏறி ‘க்க’ ஆகிவிடும். ‘ந’வும் ‘த’வும் அடுத்தடுத்து வந்தால் ‘ந்த’.

கண்டிப்பான பார்வையில் இதுவும் ஒரே விசைக்கு இரு விளைவுதான். டெஸ்லர் கட்சியின் கடுமையான உறுப்பினர் ஒருவர் இதைக் குறை சொல்ல வேண்டும். ஆனால் இந்த இடத்தில் தடுமாறும் தமிழர் அரிது. காரணம், எந்திரத்தின் நிலை எங்கோ உள்ளே ஒளிந்திருக்கவில்லை. சற்று முன் அடித்த எழுத்துதான் அந்த நிலை. அது கர்சருக்கு இடப்பக்கம், கண் பார்க்கும் அதே புள்ளியில் நிற்கிறது. உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆவதைப் பள்ளியிலேயே கற்றவருக்கு அந்த விதியைப் புதிதாகச் சொல்லித்தரவும் வேண்டாம். ஒரே பலகையில் ஒரு நிலை மாற்றம் நாள்தோறும் எரிச்சல் தருகிறது, இன்னொன்று இருப்பதே தெரிவதில்லை. இந்த உரையின் வாதத்துக்கு இதைவிட நல்ல ஆதாரம் தேட வேண்டியதில்லை.

5. பிடித்திருக்க முடியாத இடங்கள்

இதுவரை சொன்னவற்றில் இழப்பு ஓர் ஆவணம், ஓர் இசைக் கணம், ஒரு கடவுச்சொல். நிலைகள் உயிரையும் எடுத்திருக்கின்றன.

1992 ஜனவரி 20, இரவு. லியோனிலிருந்து ஸ்ட்ராஸ்பூர்க் நோக்கி ஏர் இன்டர் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ320 விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. வோஜ் மலைத்தொடரில், செயின்ட் ஒடில் மலைக்கு அருகே அது மோதியது. விமானத்தில் இருந்த 96 பேரில் 87 பேர் இறந்தார்கள். அந்த வகை விமானத்தில், கீழிறங்கும் அளவைச் சொல்ல ஒரே திருகுதான் இருந்தது. ஒரு நிலையில் அது நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற வேகம். இன்னொரு நிலையில் எத்தனை பாகை என்ற கோணம். நிலையை மாற்றத் தனிப் பொத்தான். கோண நிலையில் 3.3 பாகை என்றால் சன்னலில் ‘-3.3’ என்று தெரியும். வேக நிலையில் நிமிடத்துக்கு 3300 அடி என்றால் ‘-33’ என்று தெரியும். இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளி. முதல் கணக்கில் விமானம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 அடி இறங்கும். இரண்டாவது கணக்கில் அதைப்போல் நான்கு மடங்கு. கோணம் என்று எண்ணி வேகத்தை அமைத்துவிட்டார்கள் என்பது விசாரணையாளர்கள் முன்வைத்த முக்கியமான விளக்கங்களில் ஒன்று. தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியும் அந்த விமானத்தில் இல்லை. ஒரு விபத்துக்கு ஒரே காரணம் இருப்பது அபூர்வம். பின்னர் ஏர்பஸ் அந்தச் சன்னலைத் திருத்தியது. வேகம் நான்கு இலக்கத்தில் ‘-3300’ என்று முழுதாகத் தெரியத் தொடங்கியது. நிலை ஒழிக்கப்படவில்லை; எண்ணின் தோற்றத்திலேயே நிலையைச் சொல்ல வைத்தார்கள்.

விமானத்தின் தானியங்கி அமைப்பை மணிக்கணக்கில் எவராலும் மிதித்துப் பிடித்திருக்க முடியாது. அங்கே நினைவில் வைக்கும் வேலை எந்திரத்திடம்தான் போகும். இன்னொரு சிக்கலும் சேர்கிறது: எந்திரம் தானாகவே நிலை மாறும். நாடின் சார்ட்டரும் டேவிட் வுட்ஸும் விமானி அறைகளை ஆராய்ந்து 1995இல் எழுதிய கட்டுரை இதைத்தான் முன்னிறுத்தியது. 2013 ஜூலை 6 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கடல்சுவரில் மோதிய ஆசியானா நிறுவனத்தின் போயிங் 777ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தரையிறங்கும் வேளையில் விமானி ஒரு நிலையைத் தேர்ந்தெடுத்தார். பிறகு உந்துவிசை நெம்புகோல்களைக் கையால் பின்னுக்கு இழுத்தார். அந்தச் சேர்க்கையில் வேகத்தைக் காக்கும் தானியங்கி, ஓய்ந்திருக்கும் நிலைக்குப் போய்விட்டது. வேகத்தை எந்திரம் பார்த்துக்கொள்கிறது என்று விமானிகள் நம்பினார்கள். எந்திரம் அதை விமானிகளிடம் விட்டிருந்தது. மூன்று பேர் இறந்தார்கள்.

கடலிலும் இது நடந்தது. 2017 ஆகஸ்ட் 21 விடியற்காலை, சிங்கப்பூர் நீரிணையை நெருங்கிக்கொண்டிருந்தது அமெரிக்கக் கடற்படையின் ஜான் எஸ். மெக்கெய்ன் கப்பல். சுக்கானையும் வேகத்தையும் ஒருவரே கவனிக்கச் சிரமப்படுவதைக் கண்ட கப்பல் தலைவர், வேகக் கட்டுப்பாட்டை மட்டும் பக்கத்து இருக்கைக்கு மாற்றச் சொன்னார். தொடுதிரையில் அதைச் செய்யும்போது சுக்கானும் சேர்ந்து அங்கே போய்விட்டது. சுக்கான் வேலை செய்யவில்லை என்று மாலுமி கூவினார். அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது, பக்கத்து இருக்கையில். இரண்டு உந்துதண்டுகளின் வேகக் கட்டுப்பாடும் பிரிந்திருந்ததால், வேகத்தைக் குறைக்க முயன்றபோது ஒரு தண்டு மட்டும் மெதுவாகி, கப்பல் திரும்பி ஆல்னிக் எம்சி என்ற எண்ணெய்க் கப்பலின் பாதையில் போய் விழுந்தது. பத்து மாலுமிகள் இறந்தார்கள். கப்பல் அப்போது ‘மாற்றுக் கைமுறை’ என்ற நிலையில் இயங்கியது. அந்த நிலையில், கொடுப்பவரின் சம்மதம் இல்லாமலே சுக்கானை இன்னோர் இருக்கை எடுத்துக்கொள்ளலாம் என்பதை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் அறிக்கையில் சுட்டிக்காட்டியது. 2019இல் கடற்படை, இத்தகைய கப்பல்களில் தொடுதிரை வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டுக் கையால் தள்ளும் நெம்புகோல்களைத் திரும்பக் கொண்டுவரும் முடிவை அறிவித்தது. நெம்புகோலுக்கு ஒரு குணம் உண்டு: அது எங்கே நிற்கிறதோ அதுவே அதன் நிலை. இருட்டிலும் கையால் தொட்டு அறியலாம்.

6. வடிவமைப்பவரிடம் கேட்க வேண்டியவை

நிலை தேவைப்படும் இடங்கள் நிறைய உண்டு. ஓவிய மென்பொருளில் தூரிகையும் அழிப்பானும் தனித்தனி நிலைகள்தான். கர்சரின் உருவமே மாறிவிடுவதால் அங்கே சிக்கல் குறைவு. போட்டோஷாப்பில் ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்தால் படத்தை நகர்த்தும் கை வரும், விட்டால் பழைய கருவி திரும்பும். இரண்டு பாடத்தையும் ஒரே மென்பொருள் கற்றிருக்கிறது.

எனவே ஒரு புதிய நிலையை நுழைக்கும் வடிவமைப்பாளரிடம் இப்படிக் கேட்க வேண்டும். பயனர் இதைக் கையால் பிடித்திருக்க முடியுமா? முடியாதென்றால், அவர் கண் பார்க்கும் இடத்தில் இது தெரியுமா? எந்திரம் தானாக இதை மாற்றுமென்றால், மாற்றியதை யாருக்கு, எப்படிச் சொல்லும்? நிலையை மறந்து ஒரு விசையைத் தட்டிவிட்டால், போனது திரும்புமா? கடைசிக் கேள்விக்கு ‘திரும்பாது’ என்பது பதிலானால், மற்ற மூன்றுக்கும் நல்ல பதில் இல்லாமல் அந்த மென்பொருளை வெளியிடக் கூடாது. மருத்துவக் கருவிகளுக்கும் வாகனங்களுக்கும் மென்பொருள் எழுதப்போகும் மாணவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அருகிலேயே செய்ய வேண்டிய ஒரு வேலையும் இருக்கிறது. 2023இல் வந்த மேக் ஓஎஸ் சொனோமாவில், மொழியை மாற்றினால் எந்த மொழி என்ற குறியும், கேப்ஸ் லாக் போட்டால் அதற்கான குறியும் எழுதும் இடத்தில், கர்சரை ஒட்டியே தோன்றுகின்றன. மேசைக்கணினிக்கான தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் எல்லாவற்றிலும் இந்த வசதி வர வேண்டும். மின்னஞ்சல் முகவரிக்கான பெட்டியில் கர்சர் நுழைந்தால், தமிழ் நிலையில் இருக்கிறீர்கள் என்று அந்தப் பெட்டியே சொல்ல வேண்டும். கடவுச்சொல் பெட்டியோ, எழுத்துகளை மறைத்தாலும், அவை எந்த மொழியில் விழுகின்றன என்பதை மறைக்கக் கூடாது.